ஆறு ஐம்பதுக்கு என்ன நடக்கும் என்று சொல்லலாமா?

1

கோலாலம்பூர் குடிநுழைவு அலுவலகத்தில் கவுண்டர் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோதுதான் அந்த யோசனை தோன்றியது. கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்து அன்றோடு மூன்று வருடம். மூன்றாவது முறையாகக் கடவுச்சீட்டில் முத்திரை வாங்கப் போயிருந்தேன். கணவரோடு தங்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்கிற முத்திரை. இரண்டு மணி நேரம் வரிசையில் இருந்ததில் என் ஆங்கிலத்தைப் பித்தளைப் பாத்திரம்போலத் துலக்கி வைத்திருந்தேன்.

“வுட் யூ பி கைண்ட் எனஃப் டு டெல் மீ வாட் ஐ ஷுட் ப்ரிங்?” என்றேன். நான் என்ன கொண்டுவர வேண்டும் என்று தயவுசெய்து சொல்ல முடியுமா என்பதன் முழு அலங்காரப் பதிப்பு.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மலாய் அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஏதோ பழைய படத்திலிருந்து இறங்கி வந்தவளைப் பார்ப்பதுபோல. பிறகு சிரித்துவிட்டார்.

“கேன், கேன். போட்டோ டூ பீஸ், ஹஸ்பண்ட் ஐ.சி. கார்டு காப்பி ஒன். டுமாரோ கம், கேன் ஆ?”

“கேன்,” என்றேன் நானும்.

பஸ் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கிச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். பக்கத்து மேசைக்காரர் கடைக்காரரிடம், “போஸ், ரெண்டு தோசை பொட்டலம், கேன் ஆ?” என்றார். “கேன்லா,” என்றார் கடைக்காரர், இந்த ஊர்ப் பேச்சு எதற்கும் வாலாக ஒட்டிக்கொள்ளும் ‘லா’வோடு. தோசை என் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது, நான் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். இந்த நாடே ஒரு துணைவினையின் மேல் ஓடுகிறது! கேட்பதும் அதுதான், பதிலும் அதுதான், அனுமதியும் வாக்குறுதியும் அதுதான். அப்படியிருக்க, கிள்ளானில் சனிக்கிழமைதோறும் என் முன்னால் உட்கார்ந்து “இங்கிலீசு வராது டீச்சர்” என்கிற ஐந்து பெண்களுக்கு எதை நான் முதலிலிருந்து கற்பித்துக்கொண்டிருக்கிறேன்? பாதி வாக்கியம் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் வாலில் ஒரு ‘வாட்’டை மாட்டிவிட வேண்டியதுதானே பாக்கி?

புதிதாக விட்டிருக்கிற மின்சார ரயிலில் கிள்ளான் திரும்பும் வரை டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். கேன் யூ டெல் மீ வாட் ஐ மஸ்ட் டூ. கேன் யூ ஷோ மீ வாட் திஸ் இஸ். ஐ கேன் டெல் யூ வாட் ஐ டிட். டிக்கெட்டில் இடம் தீர்ந்து கையிலும் எழுதினேன்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கும் தோன்றியிருக்கும். பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் படித்தபோது, ஒரு கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் அடைக்கும் பயிற்சியில் எனக்குத்தான் வகுப்பில் முதல் மதிப்பெண். “என்ன செய்ய வேண்டும்?” என்று தனியே நின்றால் அது கேள்வி. “என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல முடியுமா?” என்றால் அது பெரிய வாக்கியத்தின் மடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. தமிழில் அது முன்னால் வந்து ‘என்று’ என்கிற கொக்கியில் தொங்கும். ஆங்கிலத்தில் பின்னால் வரும், கொக்கியும் கிடையாது. இதையெல்லாம் நான்கு பக்கத்துக்கு எழுதி ஒரு அகராதியும் பரிசாக வாங்கினேன். ஆனால் இந்த நாட்டுக்கு வரும் வரை, ஒரு மனிதரிடம் ஒரே ஒரு தடவைகூட ஆங்கிலத்தில் எதையும் நான் கேட்டதில்லை.

கேட்பது என்பதே வேறு விஷயம் என்று இங்கே வந்துதான் புரிந்தது. என் அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் அவர் குரல் கேட்டால் நாய்கூட ஒதுங்கிப் போகும். குடும்ப அட்டையில் என் தம்பியின் பெயரைச் சேர்க்கத் தாலுகா அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தார். மூன்று நாளும் குமாஸ்தா காகிதங்களைப் புரட்டிவிட்டு “நாளைக்கு வாங்க” என்றார், அப்பாவும் “சரிங்க சார்” என்று திரும்பி வந்தார். என்ன காகிதம் குறைகிறது என்று கேட்கவில்லை. “அவர்கிட்ட போய் என்ன ஏதுன்னு கேட்க முடியுமா?” என்றார் அம்மாவிடம். அது தமிழ்நாடு, அப்பா பேசியதும் தமிழ், குமாஸ்தா பேசியதும் தமிழ். ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் ‘என்ன’ என்ற சொல் வெறும் உடம்போடு போய் நிற்க அஞ்சுகிறது. அதற்கொரு சட்டை வேண்டும். ‘முடியுமா’, ‘லாமா’, ‘கேன்’, ‘குட்’ எல்லாம் அந்தச் சட்டைகள்தாம். கிழியாத, கசங்காத ஒரு சட்டையை என் மாணவிகளுக்கு மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். ரயிலில் எனக்கு வந்த உற்சாகம் இதுதான்.

வீட்டில் அதை முதலில் சோதித்தது நாத்தனாரின் மகள் ஷாலினியிடம். ஒன்பது வயது. அம்மா வேலையிலிருந்து வரும் வரை மதியம் முழுக்க எங்கள் வீட்டில் இருப்பாள். கடைப் பலகையில் உள்ள தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்பவள். அத்தை என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்து மூன்று வருடமாகிறது. இன்னும் நான் ஆன்டிதான்.

“வுட் யூ பி கைண்ட் எனஃப் டு டெல் மீ வாட் யூ வுட் லைக் டு ஈட்?” என்றேன்.

“ஆன்டி, நோபடி டாக் லைக் தட் லா,” என்றாள் அவள், தலையைப் புத்தகத்திலிருந்து எடுக்காமலே. “ஜஸ்ட் சே, கேன் டெல் மீ வாட் யூ வான்ட். மேகி மீ இருக்கா?”

ஆக, ஒரு தட்டு நூடுல்ஸுக்கு ஒன்பது வயது நிபுணரின் ஒப்புதலும் கிடைத்தது.

3

வகுப்பு நடப்பது தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள கூடத்தில், சனிக்கிழமை நாலு மணிக்கு. சம்பளம் இல்லை, அதனால் முத்திரைக்கும் பங்கமில்லை. வருகிற ஐவரும் கிள்ளானை அடுத்த தெலுக் பங்லிமா காராங்கில் ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒரே வரிசையில் வேலை பார்க்கிறார்கள், சனிக்கிழமை அரை நாள். கையுறைகளைக் காற்றடித்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஒதுக்கி, நல்லதை எண்ணி அட்டைப் பெட்டியில் போடுகிற வேலை. பெட்டிக்கு ஒரு சீட்டு உண்டு. பார்த்தவர் பெயரின் முதல் எழுத்தை அதில் கையெழுத்தாகப் போட வேண்டும்.

ஐவரில் மூத்தவர் புஷ்பா அக்கா. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் வீட்டுமனையானதும் கிள்ளான் ஃபிளாட்டுக்கு வந்தவர். தொழிற்சாலையில் பதினோரு வருடம். வகுப்புக்கு வந்த முதல் நாளே சொன்னார்:

“எனக்கு இங்கிலீசு தெரியும் டீச்சர். யெஸ் போஸ், சோரி போஸ், ஓக்கே போஸ். இந்த மூணுலயே பதினோரு வருசம் ஓட்டிட்டேன்லா.”

“அதுல ‘சோரி போஸ்’ எப்ப சொல்வீங்க?”

“கூப்பிட்டவுடனே. எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே சொல்லிறணும். அப்பத்தான் சத்தம் கம்மியா இருக்கும்.”

இளையவள் கலா. இருபத்திரண்டு வயது. புஷ்பா அக்காவின் பக்கத்து இருக்கைக்காரி, தொழிற்சாலையிலும் வகுப்பிலும். அக்கா வாயைத் திறந்தால் கலா சிரிப்பாள், கலா சிரித்தால் அக்கா அவள் தொடையில் கிள்ளுவார்.

என் புதிய முறை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. “கேன் ஆ?” என்று நான் தொடங்க, ஐவரும் “கேன் டெல் மீ வாட்...” என்று இழுத்து, ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். ‘யூ’வை விட்டுவிட்டால் நான் திருத்துவதில்லை. கேள்வி உள்ளே போனதும் சொற்களின் வரிசை நேராகிவிட வேண்டும் என்பதை மட்டும் விடாமல் பிடித்தேன். மூன்றாவது வாரம் கலா, “குட் யூ டெல் மீ வாட் ஐ குட் டூ டு மேக் புஷ்பா அக்கா கொயட்?” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது கூடமே அதிர்ந்தது. எனக்குப் பல்கலைக்கழகமே திறந்துவிட்ட மகிழ்ச்சி.

4

அதற்கு அடுத்த சனிக்கிழமை புஷ்பா அக்கா மூன்றரைக்கே வந்தார். சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த இரண்டு காகிதங்களை எடுத்தார்.

“சூராட்டு வந்திருச்சு டீச்சர். வேல போயிரும்போல இருக்கு.”

மலாயில் சூராட்டு என்றால் கடிதம். முதலாவதைப் படித்தேன். வெளிநாட்டுக்குப் போன கையுறைப் பெட்டி ஒன்று திரும்பி வந்திருக்கிறது. உள்ளே பாதிக்குப் பாதி ஓட்டை. சீட்டில் ‘பி’ என்று கையெழுத்து. வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று விளக்க வேண்டும், வியாழக்கிழமை விசாரணைக்கு வர வேண்டும். இரண்டாவது காகிதம் தயாராகத் தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம். தவறு முழுவதும் என்னுடையது, நிர்வாகம் எடுக்கும் எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறேன் என்று இருந்தது. கீழே கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது.

“இத ஆபீஸ் பொண்ணு நீட்டினா. சைன் பண்ணு, சுலுவா முடிஞ்சிரும்னா. பேனாவ வாங்கிட்டேன். அப்புறம் என்னமோ தோணுச்சு. கேன் டெல் மீ வாட் இஸ் இன்சைட்னு கேட்டேன் டீச்சர்!”

“என்ன சொன்னா?”

“முழிச்சா. பதினோரு வருசத்துல யாரும் கேட்டதில்ல போல. இன்சைட் ஈஸ் சோரி லா, அப்பிடின்னா. சோரின்னா நான் வாயாலேயே சொல்லுவேனே, இதுக்கு எதுக்கு இவ்ளோ நீளமா ஒரு பேப்பருன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.”

அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அந்தக் கோட்டில் எழுத்து விழுந்திருந்தால் வியாழக்கிழமைக்கு வேலையே இருந்திருக்காது.

“அக்கா, அந்தப் பெட்டிய நீங்க பார்த்தீங்களா?”

“பாதி பாத்தேன். மிச்சம் பாக்கல, நேரமில்ல. அந்த பி-யும் என் பி இல்ல. என் பி-க்கு வால் இருக்கும். அது கலா போட்டது.”

சாதாரணமாகத்தான் சொன்னார், மழை வரும்போல இருக்கிறது என்பதுபோல. எனக்கோ விடை கிடைத்துவிட்டது! கையெழுத்தே அவருடையது அல்ல என்றால் வழக்கே இல்லையே. அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தேன். ஐ கேன் ஷோ யூ வாட் மை சிக்னேச்சர் லுக்ஸ் லைக். அதற்குக் கீழே, ஐ மஸ்ட் டெல் யூ வாட் கலா டிட். துணைவினை, அதன் பின்னால் ‘வாட்’, ஒரு பிழையும் இல்லை. கை தூசியைத் தட்டிவிட்டுத் திரும்பினேன்.

வாசலில் கலா நின்றுகொண்டிருந்தாள். உதடசைத்துப் படித்துக்கொண்டே வந்து, தன் பெயரில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் உள்ளே வந்த புஷ்பா அக்காவைப் பார்த்தாள்.

“நல்லதுக்கா,” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

5

புஷ்பா அக்கா முதலில் செய்தது, என் கையிலிருந்த துடைப்பானை வாங்கிக் கரும்பலகையை அழித்தது.

“டீச்சர், உங்களுக்கு இங்கிலீசு நல்லாத் தெரியும். எங்க பஸ்ஸு தெரியாது.”

“என்ன பஸ்?”

“ஏழு மணி பஸ்ஸு. ஏழுன்னா ஏழு. அத விட்டா கிள்ளானுக்கு வர வேற வழி இல்ல, ரோட்டுல நிக்கணும். ஆனா ஏழு வரைக்கும் மிசின் ஓடிட்டே இருக்கும், பெட்டி வந்துகிட்டே இருக்கும். அப்ப என்ன செய்ய? ஆறு அம்பதுக்கு எவ கை காலியோ அவ வரிசைக்கே சைன் போட்டுருவா. மத்தவங்க கைய கழுவிட்டு ஓடுவோம். நான் கலாவுக்குப் போட்டிருக்கேன், கலா எனக்குப் போட்டிருக்கா. போடலன்னாத்தான் கோவம் வரும். பதினோரு வருசமா இதான். புதுசா வர்ற பொண்ணுக்கு மொதல்ல இதத்தான் சொல்லிக் குடுப்போம்.”

“இத ஏன் முதல்லயே சொல்லல?”

“எல்லாருக்கும் தெரிஞ்ச விசயத்த எப்பிடி டீச்சர் சொல்றது?”

ஊரில் அடுத்தவர் பெயரில் கையெழுத்துப் போட்டால் அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு, எனக்கு அந்தப் பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது. கல்லூரியில் தோழி ஊருக்குப் போன நாட்களில் அவளுடைய எண்ணுக்கு நானே “பிரசன்ட் மிஸ்” என்று குரலை மாற்றிச் சொன்னது நினைவுக்கே வரவில்லை. அதற்காக என் பெயரை யாராவது கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் நான் அந்த வகுப்பையே எரித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை என் கணவர் அருளிடம் சொல்லி, அவருடைய மோட்டார் சைக்கிளில் அந்தத் தொழிற்சாலை கேட்டுக்குப் போனேன். அவர் துறைமுகத்தில் கப்பல் சரக்கு அலுவலகத்தில் இருக்கிறார். பெட்டி, சீட்டு, கையெழுத்து என்றால் அவருக்கு ஆர்வம் வந்துவிடும்.

“நீ இப்ப யாருக்குப் பாடம் எடுக்கப் போறே?” என்றார் வழியில்.

“எனக்குத்தான்.”

கேட்டுக்கு வெளியே பஸ் என்ஜின் ஓடியபடி நின்றது. வெளிச்சம் இன்னும் இருந்தது. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது, பெண்கள் வந்தார்கள். வந்தார்கள் என்பது தப்பு. ஓடினார்கள். தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே, ஈரக் கையை உதறிக்கொண்டே, ஒருத்தி ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி. எங்களை யாரும் கவனிக்கவில்லை. முதலில் ஏறியவர்களில் கலாவும் இருந்தாள். ஆனால் அவள் உள்ளே போகவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்.

“அண்ணே, புஷ்பா அக்கா வராங்க, ஒரு நிமிசம்லா!”

“ஏழுன்னா ஏழுதான். கால எடும்மா.”

“எடுக்க மாட்டேன். கால வெட்டிட்டுப் போங்க.”

புஷ்பா அக்கா கடைசியாக ஓடி வந்தார். பருத்த உடம்பு, இடது முட்டியில் வலி. கலா கையை நீட்டி இழுத்து ஏற்றினாள். சனிக்கிழமையிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். ஏற்றிவிட்டு கலா முன் இருக்கைக்குப் போனாள், அக்கா பின் இருக்கைக்கு. பஸ் போயிற்று.

அருள் ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி நின்றார். “இத எழுத்துல எங்கயும் எழுதியிருக்க மாட்டாங்க இல்ல?” என்றார்.

“சொல்லவும் மாட்டாங்க. யாராவது கேட்டாத்தானே.”

6

புதன்கிழமை ஏழரைக்கு அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை நான் ஒரு வாக்கியமும் எழுதவில்லை. மேசையில் தேநீரும் பிஸ்கெட்டும் மட்டும். தன் அம்மாவுக்கு அன்று ஓவர்டைம் என்பதால் ஷாலினியும் இருந்தாள். அவளை மேனேஜராக உட்கார வைத்தோம். மாமா அருளின் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அவள் மிரட்டிய மிரட்டலில் நானே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“புஷ்பா! ஒய் யூ சைன்?”

“சோரி போஸ்,” என்றார் அக்கா உடனே. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். “வந்துருச்சு டீச்சர், பழக்கம்.”

“பரவால்ல. நீங்க என்ன சொல்லணும்னு நெனைக்கிறீங்க? மொதல்ல தமிழ்ல சொல்லுங்க.”

அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “நான் பாத்தத சொல்லுவேன். பாக்காதத சொல்ல மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன், புள்ளையையும் காட்டிக் குடுக்க மாட்டேன். நானும் போட்டிருக்கேன்னு சொல்லுவேன். அவங்க வந்து பாக்கணும். அவ்ளோதான்.”

“கலா போட்டத நீங்க பாத்தீங்களா?”

“நான் கை கழுவிட்டு இருந்தேன். எழுத்தப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன், அவ்ளோதான்.”

அவ்வளவையும் ஆங்கிலத்தில் வைக்க நான்கு வாக்கியம் போதுமாக இருந்தது. ஐ கேன் டெல் யூ வாட் ஐ செக்ட். ஐ கேனாட் டெல் யூ வாட் ஐ டிட் நாட் ஸீ. ஐ மஸ்ட் டெல் யூ வாட் ஐ ஆல்ஸோ டிட். கடைசி வாக்கியத்தை அவரே கட்டினார், விரல்விட்டு எண்ணிக்கொண்டே: யூ ஷுட் கம் அண்ட் ஸீ வாட் ஹேப்பன்ஸ் அட் சிக்ஸ் ஃபிஃப்டி.

“மூணாவது வேணாம்கா,” என்றேன். “நானும் மத்தவங்களுக்குப் போட்டிருக்கேன்னு நீங்களே போய்ச் சொன்னா வேலை கண்டிப்பா போயிரும்.”

“அது இல்லாம மத்ததச் சொன்னா நம்புவாங்களா டீச்சர்?”

ஷாலினி கண்ணாடியைக் கழற்றினாள். “ஐ பிலீவ் ஹர்,” என்றாள் என்னிடம். பிறகு அக்காவைப் பார்த்து, சிரமப்பட்டு, தமிழில்: “நான் நம்புறேன், ஆன்டி.”

7

வியாழக்கிழமை என்ன நடந்தது என்று அன்று இரவு புஷ்பா அக்கா எங்கள் வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால்கூடக் கேட்கவில்லை. உட்கார்ந்தால் மறந்துவிடுமாம்.

“மூணு பேர் டீச்சர். பெரிய மேனேஜர், சூப்பவைசர், ஆபீஸ் பொண்ணு. சீட்ட நீட்டி, யுவர் சைன்னு கேட்டாரு. வாய்ல சோரி வந்து நின்னுச்சு. முழுங்கிட்டேன். போஸ், கேன் ஐ டெல் யூ வாட் ஐ செக்ட்னேன். அவரு நிமுந்து பாத்தாரு. கேன்னாரு. பாதி பொட்டி பாத்தேன், பாதி பாக்கலன்னு சொன்னேன். தென் ஹூ சைன்னாரு. ஐ கேனாட் டெல் யூ வாட் ஐ டிட் நாட் ஸீ. சூப்பவைசரு செவுத்தப் பாக்குறாரு. அவருக்கும் தெரியும்லா, அவரும் அதே பஸ்ஸுதானே.”

“மூணாவது சொன்னீங்களா?”

“சொன்னேன். நானும் போட்டிருக்கேன், பதினோரு வருசமா போட்டிருக்கேன், யூ ஷுட் கம் அண்ட் ஸீன்னேன். மேனேஜரு பேனாவ வச்சிட்டாரு. வாட் ஹேப்பன்ஸ் அட் சிக்ஸ் ஃபிஃப்டின்னு என்னையே கேக்குறாரு டீச்சர்! போஸு என்கிட்ட கேள்வி கேக்குறாரு, பதில் எனக்குத்தான் தெரியும். எப்பிடி இருந்துச்சு தெரியுமா?”

முடிவு: கடைசி எச்சரிக்கைக் கடிதம். வெள்ளி, சனி, திங்கள் மூன்று நாள் வேலைக்கு வரக் கூடாது. வேலை போகவில்லை. அன்று மாலை ஆறு ஐம்பதுக்கு மேனேஜர் தானே கீழே இறங்கி வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வரிசைக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அன்று யாரும் யாருக்கும் கையெழுத்துப் போடவில்லை. மற்ற வரிசைகளையும் சேர்த்துப் பதினான்கு பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அதையும் அவர் நின்று பார்த்திருக்கிறார்.

8

நேற்று சனிக்கிழமை. கலா எல்லோருக்கும் முன்னால் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் நேராகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “உன் பேர நான் பலகையில எழுதியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது,” என்றேன், சுற்றி வளைக்காமல், தமிழில். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

புஷ்பா அக்கா வந்ததும் கலா எழுந்து நின்றாள். “திங்கக்கிழமை நான் மேனேஜர்கிட்டப் போறேன்கா. அந்த பி போட்டது நான்னு சொல்லப் போறேன்.”

“பைத்தியமா ஒனக்கு? நான் எதுக்குடி இவ்ளோ கஷ்டப்பட்டு இங்கிலீசு பேசினேன்? முடிஞ்சு போச்சு, விடு.”

“நீங்க பாக்கலன்னு சொன்னீங்க, அது நெசம். ஆனா நான் பாத்தேன்லா. என் கைதானே.”

மற்ற மூன்று பேர்தான் முதலில் பேசினார்கள், ஒரே நேரத்தில், ஒருவர் வாயை ஒருவர் மறித்து. அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு ஒரு முடிவு வந்தது. நான் அதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. இந்த மூன்று வருடத்தில் நான் செய்த மிகச் சிறந்த கற்பித்தல் அந்த அரை மணி நேரம் சும்மா இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

திட்டம் இது. நாளை காலை பத்து மணித் தேநீர் இடைவேளையில் கலா மேனேஜர் அறைக்குள் போவாள். தான் என்ன செய்தாள் என்று சொல்வாள். அவள் முடித்ததும் வெளியே நிற்கிற மூவரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், தாங்கள் என்ன செய்தோம் என்று சொல்வார்கள். கடைசியாக நால்வரும் சேர்ந்து, பஸ் ஏழேகாலுக்குப் புறப்பட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். புஷ்பா அக்காவுக்கு நாளையும் தடை உண்டு, உள்ளே போக முடியாது. கேட்டுக்கு வெளியே நிற்பேன் என்கிறார். நானும் அவரோடு நிற்கப் போகிறேன். அருள் பாதி நாள் விடுப்புப் போட்டிருக்கிறார்.

வேலை போய்விடாதா என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். கலா சிரித்தாள், ஒரு வாரத்தில் முதல் தடவையாக.

“வரிசையில மொத்தமே அஞ்சு பேரு டீச்சர். அஞ்சு பேரையும் தூக்கிட்டா செவ்வாக்கிழமை யார் கையுறை பாப்பாங்கன்னு போஸே சொல்லட்டும்லா.”